துப்பாக்கி ரிப்பேர் கத்துக்க ஸ்கூல் இருக்கா? ஒரகடத்துல இருந்து வந்த கேள்வி

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. ஒரகடத்துல ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில டூல் ரூம் சூப்பர்வைசரா இருக்கிற ஒரு அண்ணன். வயசு 43. இருபது வருஷமா டை, ஜிக், ஃபிக்ஸ்ச்சர்னு கை பழகினவர். பின்னாடி பிரஸ் ஷாப் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. அவர் கேட்டது இதுதான்: "தம்பி, பிஸ்டல் ரிப்பேரை முறையா சொல்லிக்கொடுக்கிற ஸ்கூல் இந்தியாவுல எங்க இருக்கு? பி.எஃப்.ல இருந்து மூணு லட்சம் எடுத்து வெச்சிருக்கேன். ஆன்லைன்ல ஒருத்தன் டிப்ளமோ தர்றேன்னு சொல்றான். தப்பான இடத்துல கட்டிடக் கூடாது."

முதல்ல கேட்டப்போ எனக்கும் கொஞ்சம் திக்குனுதான் இருந்துச்சு. துப்பாக்கியான்னு. அப்புறம் அவர் காரணத்தைச் சொன்னார். பொண்ணு ஏர் பிஸ்டல் பழகுது. அதோட, 2021 ஜூலையில டோக்கியோ ஒலிம்பிக் பார்த்தது அவர் மனசுல அப்படியே நின்னுடுச்சு.

ஞாபகம் இருக்கா? பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்று. 75 நிமிஷத்துல 60 ஷாட். மனு பாக்கர் நல்லா சுட்டுக்கிட்டு இருக்கும்போது நடுவுல பிஸ்டல் மக்கர் பண்ணிடுச்சு. அதைச் சரி பண்ணிட்டு வர்றதுக்குள்ள பொன்னான நிமிஷங்கள் போச்சு. கடைசியில 575 புள்ளி, 12-வது இடம். ஃபைனல் இரண்டே புள்ளியில கைநழுவிப் போச்சு. மூணு வருஷம் கழிச்சு பாரிஸ்ல அதே போட்டியில வெண்கலம் வாங்கினாங்க, அது வேற கதை. ஆனா அன்னிக்கு நாம எல்லாரும் ஐயோ பாவம்னு பார்த்துக்கிட்டு இருந்தப்போ, நம்ம அண்ணன் யோசிச்சது: இதை இந்தியாவுல யார் சர்வீஸ் பண்றாங்க?

சரி, பதிலுக்கு வர்றேன். மெஷினிஸ்ட் கோர்ஸுக்கு ஐ.டி.ஐ.ல சேர்ற மாதிரி, பொதுமக்கள் போய் ஃபீஸ் கட்டிச் சேர்ந்து 'கன்ஸ்மித்'னு வெளியே வர்ற ஒரு பள்ளிக்கூடம் நம்ம ஊர்ல எனக்குத் தெரிஞ்சு இல்லை. நான் தேடின வரைக்கும் கிடைச்ச வழிகள் எல்லாமே வேற வேற கதவுகள். அதுல பாதி 43 வயசுக்கு மூடியாச்சு.

முதல் கதவு சீருடை. ராணுவத்துல இ.எம்.இ.னு ஒரு பிரிவு இருக்கு. டாங்கியில இருந்து கைத்துப்பாக்கி வரைக்கும் ரிப்பேர் பார்க்கிறவங்க. அதுல 'ஆர்மரர்' தனி டிரேடு. துணை ராணுவப் படைகள்லயும் போலீஸ்லயும்கூட ஆர்மரர்கள் உண்டு. இந்தியாவுல துப்பாக்கி ரிப்பேரை முறையா கத்துக்கிட்டவங்கள்ல நிறைய பேர் இந்த வழியா வந்தவங்கதான். ஆனா இதுக்கெல்லாம் இளம் வயசுலயே சேரணும்.

ரெண்டாவது கதவு தொழிற்சாலை. நம்ம திருச்சியில துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு. 1960-கள்ல தொடங்கினது. 2021 அக்டோபர்ல ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைச்சு ஏழு கம்பெனி ஆக்கினாங்க இல்லையா, அதுல ஏ.டபிள்யூ.இ.ஐ.எல்.ங்கிற கான்பூர் தலைமையகக் கம்பெனிக்குக் கீழே இப்போ இருக்கு. இந்த மாதிரி ஆலைகள்ல அப்ரண்டிஸா சேர்ந்து ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட்னு பழகி உள்ளே வந்தவங்க பல தலைமுறை. ஆனா அப்ரண்டிஸ் வயசு வேற, அண்ணன் வயசு வேற.

வெளிநாட்டுல ஸ்கூல் இருக்கு, நிஜமாவே. அமெரிக்காவுல கொலராடோவுல டிரினிடாட் ஸ்டேட் காலேஜ் 1947-ல இருந்தே இதைச் சொல்லிக்கொடுக்குது. பிட்ஸ்பர்க்ல பென்சில்வேனியா கன்ஸ்மித் ஸ்கூல், 16 மாசப் படிப்பு. உலகப்போர் முடிஞ்சு வீடு திரும்பின சிப்பாய்களுக்கு அரசாங்கமே ஃபீஸ் கட்டின காலத்துல முளைச்ச பள்ளிகள் இதெல்லாம். ஐரோப்பாவுல ஆஸ்திரியாவோட ஃபெர்லாக், பெல்ஜியத்தோட லியேஜ் ரெண்டும் துப்பாக்கித் தொழிலுக்குன்னே பேர் போன ஊர்கள். ஆனா ஒண்ணுல ஜெர்மன்ல படிக்கணும், இன்னொண்ணுல பிரெஞ்சுல.

அமெரிக்கா போயிடலாமேன்னு தோணும். அங்கேதான் ஒரு சிக்கல். ஸ்டூடண்ட் விசா மாதிரி தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கி கையில வெச்சிருக்க அமெரிக்கச் சட்டமே பொதுவா தடை போடுது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் இருக்கு, அவ்வளவுதான். துப்பாக்கி ரிப்பேர் கத்துக்கப் போய், துப்பாக்கியைத் தொட வழி தேடி வக்கீலைப் பார்க்கணும்! மூணு லட்சம் அதுக்கு எந்த மூலைக்கு?

இப்போ அந்த ஆன்லைன் டிப்ளமோ. வாங்கிட்டு வந்து வீட்டு மாடியில பெஞ்ச் போட்டு ஆரம்பிச்சா என்ன ஆகும்? 1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்தோட 5-வது பிரிவைப் படிச்சுப் பார்த்தேன். தயாரிக்கிறது, விக்கிறது மட்டும் இல்லைங்க. மாற்றி அமைக்கிறது, ரிப்பேர் பண்றது, டெஸ்ட் பண்றது எல்லாத்துக்கும் லைசென்ஸ் வேணும். ரிப்பேருக்காக ஒரு துப்பாக்கியை வாங்கி வெச்சுக்கிறதுக்கும் வேணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் இதை மீறினா குறைஞ்சது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. சான்றிதழைக் காட்டி தப்பிக்க முடியாது. 'ஃப்ரெண்டோட துப்பாக்கிதான், சும்மா கிளீன் பண்ணிக்கொடுத்தேன்'னு சொல்றதெல்லாம் கோர்ட்டுல எடுபடும்னு நம்பி இறங்காதீங்க.

பீகார்ல முங்கேர்னு ஒரு ஊர். 1760-கள்ல வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை அங்கே மாத்தினப்போ ஆயுதத் தொழிற்சாலையும் வந்துச்சு. இன்னிக்கும் லைசென்ஸ் வாங்கின துப்பாக்கிப் பட்டறைகள் அங்கே இருக்கு. ஆனா பேப்பர்ல அந்த ஊர் பேர் அதிகம் வர்றது கள்ளத் துப்பாக்கி ரெய்டுலதான். ரெண்டு இடத்துலயும் தேவைப்படுறது அதே அரம், அதே லேத், அதே கைவேலை. ஒருத்தர் தொழிலாளி, இன்னொருத்தர் குற்றவாளி. நடுவுல இருக்கிறது ஒரு லைசென்ஸ்.

அதனால நான் அண்ணன்கிட்ட சொன்னது: நீங்க தேட வேண்டியது ஸ்கூல் இல்ல. யாரோட லைசென்ஸுக்குக் கீழ வேலை பார்க்கப் போறீங்கன்னு தேடுங்க. கைவேலை உங்ககிட்ட பெரும்பாலும் இருக்கு.

இது சும்மா ஆறுதலுக்குச் சொல்றது இல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐ.எல்.ஓ., உலகத்துல இருக்கிற வேலைகளை எல்லாம் வகைப்படுத்தி 2008-ல ஒரு பட்டியல் போட்டுச்சு. அதுல 7222-ங்கிற எண்ணுக்குக் கீழ டூல் மேக்கர், ஜிக் மேக்கர், பூட்டு செய்றவர், அவங்களோடயே கன்ஸ்மித். எல்லாம் ஒரே குடும்பம். உலோகத்துல ரெண்டு பாகம் ஒண்ணோட ஒண்ணு சரியா உட்காரணும், திரும்பத் திரும்ப அதே மாதிரி நடக்கணும். ஏர் பிஸ்டல் டிரிகர் குறைஞ்சது 500 கிராம் தாங்கணும்னு விளையாட்டு விதி சொல்லுது. எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பாங்க. 490-ல விடுபட்டா தகுதி போச்சு, ரொம்ப அதிகமா இருந்தா விரல் இழுக்கும்போது குறி நகரும். மைக்ரானோட மல்லுக்கட்டுற டூல் ரூம் ஆளுக்கு இது புது உலகம் இல்ல.

(நான் ஃபர்ஸ்ட் இயர்ல ஸ்கொயர் ஃபிட்டிங்கை அரம் போட்டு முடிக்க முடியாம லேப் அண்ணன்கிட்ட கெஞ்சினவன். அதனால இந்த வேலை தெரிஞ்சவங்க மேல எனக்கு மரியாதை கொஞ்சம் ஜாஸ்தி.)

ஒரகடத்தைச் சுத்திப் பார்த்தாலே இந்த உறவு தெரியும். ராயல் என்ஃபீல்டு ஆலை இருக்கே, அந்தப் பேர்ல இருக்கிற என்ஃபீல்டு என்ன? இங்கிலாந்துல என்ஃபீல்டுங்கிற இடத்துல இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை. 1890-கள்ல அதுக்குத் துல்லியமான பாகங்கள் செஞ்சுகொடுத்த சைக்கிள் கம்பெனி அந்தப் பேரை எடுத்துக்கிட்டுச்சு. துப்பாக்கி மாதிரி செஞ்சதுன்னுதான் விளம்பரமே. அதே மாதிரி, கிராங்க்ஷாஃப்ட்ல ஆயில் போக நீளமா, ஒல்லியா துளை போடுற முறைக்குப் பேர் 'கன் டிரில்லிங்'. துப்பாக்கிக் குழல் துளைக்கக் கண்டுபிடிச்ச முறை. அண்ணனோட ஷாப்லயே அந்த மெஷின் ஓடுதாம்!

அப்போ எங்கே கதவைத் தட்டுறது? ஸ்ரீபெரும்புதூர் வழியா போற அதே ஹைவேயில நேரா போனா பெங்களூரு. அங்கே எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ்னு தனியார் கம்பெனி ரைஃபிள் தயாரிக்குது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில திருச்சியில தொடங்கினப்போ சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சின்னு அஞ்சு மையம் அறிவிச்சாங்க. இந்த மாதிரி இடங்கள் டூல் ரூம் அனுபவத்தைக் கேட்கும், கன்ஸ்மித் டிப்ளமோவைக் கேட்காது. அடுத்து, லைசென்ஸ் உள்ள ஆயுத டீலர் கடைகள். அங்கே ரிப்பேர் பார்க்கிற பெரியவங்க வயசானவங்களா இருந்தா, கையாள் தேவைப்படலாம். போய்க் கேட்கிறதுல தப்பில்ல.

கடைசியா ஏர் பிஸ்டல். 4.5 மிமீ குழல், 20 ஜூலுக்குள்ள சக்தி இருந்தா வாங்கி வெச்சுக்க லைசென்ஸ் தேவையில்ல. அதனால பொண்ணோட பிஸ்டல்ல சீல் மாத்துறது, கைப்பிடியைக் கைக்கு ஏத்த மாதிரி செதுக்குறதுன்னு ரேஞ்ச் கோச் முன்னாடி பழகலாம். ஆனா அதையே காசு வாங்கிச் செய்ற தொழிலா மாத்தும்போது, முதல்ல லைசென்ஸ் அலுவலகத்துல எழுதிக் கேட்டு, எழுத்துலயே பதில் வாங்கிடுங்க.

இதெல்லாம் சொல்லி முடிச்சதும் அண்ணன் கேட்டார்: "அப்போ அந்த மூணு லட்சம்?" பேங்க்லயே கிடக்கட்டும்ணே, பெங்களூரு பஸ்ஸுக்கு மட்டும் எடுங்கன்னேன். கன்ஸ்மித்னு போட்டு ஏற்கெனவே ஒரு ரெஸ்யூமே எழுதி வெச்சிருந்தாராம். அதை எடுத்து முதல் வரியை 'டூல் மேக்கர், 20 வருட அனுபவம்'னு மாத்திட்டு, சரியா இருக்கான்னு பார்க்க எனக்கு அனுப்பியிருக்கார்.