துணை பிரிந்தபின் வீடு யாருடையது?

வடசேரியில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்குத் தழுவிய மகாதேவர் என்பது திருநாமம். அம்மையும் அப்பனும் பிரியாதிருக்கும் நிலையை நினைவூட்டும் அப்பெயரைச் சொல்லி வணங்கும் தம்பதியரில், அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் கண்டவர்கள் பலர். அவர்களும் பேசத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. இருவரில் ஒருவர் முன்னே சென்றுவிட்டால், எஞ்சியவர் வாழும் வீடு யாருக்குச் சொந்தம்? அமங்கலப் பேச்சென்று அதை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் நாஞ்சில் நாட்டில் இக்கேள்வியால் கண்ணீர் சிந்தியவர்கள் கொஞ்சமல்லர்.

நம் பாட்டிமார் காலத்தில் இங்கே மருமக்கள்வழிக் குடும்பங்களில் காரணவரின் சொத்து அவருடைய சகோதரியின் மக்களுக்குச் சென்றது. பெற்ற பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு சிறு பகுதி மட்டுமே. கணவன் கண்மூடியதும், அத்தனை காலம் விளக்கேற்றிய வீட்டை விட்டு மனைவி வெளியேற வேண்டியதாயிற்று. தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்தக் கொடுமையைக் கண்டு உள்ளம் நொந்து இயற்றியதே 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. ஒரு காரணவருக்கு ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்டவளின் வாய்மொழியாக அமைந்த அந்நூல், படிப்பவரைச் சிரிக்கவும் வைக்கும், சிரித்ததற்காக வெட்கப்படவும் வைக்கும். பக்திப் பாடல்களும் குழந்தைப் பாடல்களும் தந்த அதே கை எழுதியதென்று நம்புவதே கடினம். அக்காலத்தில் எழுந்த சீர்திருத்தக் குரல்களின் பயனாக, 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றி, மனைவி மக்களின் வாரிசுரிமையை ஏற்றுக்கொண்டது.

அதற்கு 30 ஆண்டுகளுக்குப் பின், 1956 ஜூன் 17-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வடசேரி தமிழகத்தோடு இணைந்ததோ அதே ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான். புதிய சட்டத்தின்படி, உயில் எழுதாமல் கணவர் இறந்தால் அவருடைய சொத்தில் மனைவி, மகன், மகள், கணவரின் தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். ஒவ்வொருவருக்கும் சமபங்கு. மனைவிக்குக் கிடைப்பது அனுபவ பாத்தியம் அன்று. விற்கவும் கொடுக்கவும் உரிமையுள்ள முழுச் சொத்து.

இங்கேதான் முதியோர் இருவிதமாகத் தவறிவிடுகின்றனர். 'கணவருக்குப் பின் வீடு எனக்குத்தானே' என்று இருந்துவிடுவோர் ஒரு சாரார். 'பிள்ளை பெயருக்குப் போய்விட்டது, நமக்கென்ன உரிமை' என்று ஒடுங்கிவிடுவோர் மற்றொரு சாரார். இரண்டும் சரியன்று. மாமியாரும் மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தால், கணவர் தாமே சம்பாதித்துக் கட்டிய வீட்டில் மனைவிக்கு நான்கில் ஒரு பங்கு. அந்தப் பங்கை யாரும் பறிக்க இயலாது. ஆனால் மற்ற மூன்று பங்குகளின் உடையவர்கள் பாகம் கேட்டு நீதிமன்றம் செல்லவும் தடையில்லை. நடுக்கூடத்தையும் பூசையறையையும் நான்காகப் பிரிப்பது எங்ஙனம்? பெரும்பாலும் வீட்டை விற்றுப் பணத்தைப் பங்கிடுவதில் அது முடிகிறது.

இனி, வீடு மனைவியின் பெயரில் இருந்து, அவர் முன்னே செல்கிறார் என்று கொள்வோம். பொது விதிப்படி மகன், மகள், கணவர் மூவருக்கும் சமபங்கு. ஆனால் மருமக்கள்வழியினருக்கு 17-ஆம் பிரிவு வேறு வரிசை வகுத்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வராதிருந்தால் மருமக்கள்வழிச் சட்டத்தால் ஆளப்பட்டிருக்கக்கூடியவர்களுக்கு அது பொருந்தும். நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம், நாயர் சட்டம், கிருஷ்ணன்வகையாரின் சட்டம் ஆகியவற்றின் பெயர்களே அச்சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ளன. அவ்வரிசையில் பெண்ணின் சொத்து முதலில் மக்களுக்கும் அவளுடைய தாய்க்கும் செல்லும். கணவருக்கு இடம் இரண்டாம் நிலையில், மனைவியின் தந்தையோடு சேர்த்து. அதாவது, பிள்ளைகள் இருக்கும்வரை கணவருக்கு ஒரு செங்கல்லும் இல்லை.

தம் சேமிப்பையெல்லாம் போட்டு, அன்பு மிகுதியால் மனைவி பெயரில் பத்திரம் பதிந்தவர்கள் இச்செய்தியை இருமுறை படிக்க வேண்டுகிறேன். அன்று வீட்டை இழந்தவள் மனைவி. இன்று அதே வழியின் எச்சத்தால் கணவர் பிள்ளைகளின் தயவில் நிற்க நேரலாம். கேரளம் 1975-இல் மருமக்கள்வழிக் கூட்டுக் குடும்பத்தை ஒழித்துச் சட்டம் செய்தது. அது களியக்காவிளையைத் தாண்டி இப்பக்கம் வாராது.

பரிகாரம் எளியதே. சட்டத்தின் 30-ஆம் பிரிவு, தம் சொத்தை விரும்பியவருக்கு உயில் மூலம் அளிக்கும் உரிமையைத் தருகிறது. உயில் இருப்பின் மேற்சொன்ன வரிசைகள் எதற்கும் வேலையில்லை. கணவர் மனைவிக்கும், மனைவி கணவருக்கும் தனித்தனியே எழுதலாம். 'என் துணையின் ஆயுட்காலம் வரை அவர் குடியிருக்கவும், அதன்பின் மக்கள் சமமாக அடையவும்' என்றும் எழுதலாம். எழுதியவர் கையொப்பமிட, அதைக் கண்டு இரண்டு சாட்சிகள் ஒப்பமிடுவது கட்டாயம். முத்திரைத்தாள் வேண்டியதில்லை. பதிவும் கட்டாயமன்று. ஆயினும் சார்பதிவாளர் முன் பதிந்து வைப்பது பிற்கால வழக்கைத் தடுக்கும். சாட்சிகள் நம்மைவிட இளையவராக இருத்தல் நலம். எண்பது வயதுச் சாட்சியை எங்கே தேடுவது?

உயிலுக்குப் பதிலாகப் பிள்ளைக்குத் தானப் பத்திரமோ செட்டில்மெண்டோ இப்போதே எழுதிக்கொடுப்போர், 'எங்கள் இருவரையும் இறுதிவரை பேண வேண்டும்' என்னும் நிபந்தனையை அப்பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். நிபந்தனை மீறப்பட்டால் 2007-ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்துசெய்யக் கோரலாம். துக்க வீட்டில் நீட்டப்படும் விடுதலைப் பத்திரத்தில் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஒரு தாய் தன் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசரம் எதுவுமில்லை.

மருமக்கள்வழிக் குடும்பத்தில் பிறந்தோர் உயில் எழுதும் முன், தம் குடும்பம் எவ்வழியைச் சேர்ந்தது, வீட்டின் மூலப்பத்திரம் யார் பெயரில் உள்ளது என்ற இரண்டையும் வழக்கறிஞரிடம் முதலில் சொல்ல வேண்டும். மூலப்பத்திரம் பெரும்பாலும் அலமாரியின் அடித்தட்டில், பழைய பட்டுப்புடைவைக்குக் கீழே இருக்கும்.