ஓசூர் தாண்டும் வீடு

பெங்களூரிலிருந்து சேலத்திலோ கோவையிலோ இருக்கும் நண்பர் வீட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்ப நினைத்தால், தூரமோ பெட்ரோல் செலவோ பெரிதாகத் தெரிவதில்லை; போய் எங்கே படுப்பது என்பதுதான் கேள்வி. நண்பரின் இரண்டு படுக்கையறை வீட்டில் ஏற்கெனவே நாலு பேர் இருப்பார்கள். இன்னும் நாலு பேர் போய் இறங்கினால் காலையில் குளியலறை வாசலில் வரிசை நிற்கும். கூட வரும் பெரியவருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. கடைசியில் லாட்ஜில் ரூம் போடுவார்கள், இல்லையென்றால் பயணத்தையே அடுத்த லீவுக்குத் தள்ளிவைப்பார்கள். படுக்கை, கழிப்பறை, சின்ன அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் வண்டி இந்தச் சிக்கலுக்கு ஏற்ற விடை. அதைப் படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் நம் ஊர்களில் அதனால் அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் உறவையும் நட்பையும் பார்க்கப் போகும் சாதாரணக் குடும்பங்கள்தான். அவர்களுக்குத் தடையாக இருப்பது மாநில எல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இரவில் வண்டியை நிறுத்த முறையான இடம் இல்லாததே உண்மையான தடை என்பது என் வாதம்.

எல்லையை முதலில் பார்த்துவிடுவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியின் பதிவு நாடு முழுக்கச் செல்லும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால்தான் அங்கே புதிய எண் வாங்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை 2004ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிப்பு, கார், பைக் போலவே போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வெள்ளை போர்டு வண்டி, பெர்மிட் வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் ஓட்டும் லைசென்ஸே போதும். வாடகைக்கு எடுக்கும் மஞ்சள் போர்டு வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா பெர்மிட்டை 2023ஆம் ஆண்டு விதிகளின்படி ஆன்லைனிலேயே வாங்கலாம். வாகன வரி மாநிலங்களின் அதிகாரத்தில் இருப்பதால் அங்கே உரசல் இன்னும் தீரவில்லை என்பது உண்மை. சுற்றுலா பெர்மிட்டில் வழித்தடப் பேருந்து போல ஓடுகின்றன என்று சொல்லி, 2024 ஜூனில் தமிழ்நாடு வெளிமாநிலப் பதிவு ஆம்னி பஸ்களுக்குத் தடை போட்டது. ஆனாலும் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. டோல்கேட்டில் ஃபாஸ்டாக் வந்துவிட்டது. ஓசூருக்குப் பக்கத்தில் எல்லையின் இருபுறமும் உள்ள அத்திப்பள்ளிக்கும் ஜுஜுவாடிக்கும் நடுவே சொந்தக் கேரவனை நிறுத்திவைக்கச் சட்டத்தில் காரணம் எதுவும் இல்லை.

சிக்கல் இருட்டிய பிறகு தொடங்குகிறது. கேரவனின் உள்விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனி பேட்டரி உண்டு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் அடங்குவது ஏறக்குறைய 1.2 யூனிட் மின்சாரம். ஒரு டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். இரண்டு பேட்டரி வைத்தாலும் இரண்டரை மணி நேரம் தாங்காது. மே மாதம் வேலூரிலோ சென்னையிலோ அடைத்த தகரப் பெட்டிக்குள் குழந்தையோடு படுத்திருப்பவர்கள் வேறு வழியில்லாமல் ஜெனரேட்டரை ஓடவிடுவார்கள். அதன் விலை என்ன என்பதை 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் பார்த்தோம். சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடு காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. மணமோ நிறமோ இல்லாத வாயு அது, தூங்குபவரை எழுப்பாது. வண்டியை நிறுத்திய இடத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக் இருந்திருந்தால் ஜெனரேட்டருக்கே வேலை இருந்திருக்காது. கழிப்பறையும் இதே கதைதான். கேரவன்களில் பரவலாக இருக்கும் பெட்டிக் கழிப்பறையின் தொட்டி 20 லிட்டர் அளவுதான் கொள்ளும். நாலு பேர் இருந்தால் ஓரிரு நாளில் நிரம்பிவிடும். பிறகு அதை எங்கே கொட்டுவது? ஏரிக்கரையிலா, பெட்ரோல் பங்க்கின் பின்பக்கமா? அந்த வேலையை நூறு ரூபாய் கொடுத்து யாரோ ஒரு தொழிலாளி தலையில் கட்டுவது, கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 2013இல் சட்டம் போட்ட நாட்டில் நினைக்கவே கூடாத காரியம். கழிவுநீர்க் குழாயோடு இணைந்த ஒரு வாயும், தொட்டியை அலச ஒரு குழாயும் இருந்தால் வண்டிக்காரரே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் தொட்டிக் கழிவைச் சுத்திகரிக்கும் வழியும் புதிதல்ல. பெங்களூர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தேவனஹள்ளியில் அதற்கென ஓர் ஆலையே இயங்குகிறது.

நம் முன்னோர் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு ராமேஸ்வரமும் திருப்பதியும் போனார்கள். பாயும் பாத்திரமும் அரிசி மூட்டையும் வண்டியிலேயே இருந்தன. ஆனாலும் அந்தப் பயணத்தைத் தாங்கியது வழிநெடுக இருந்த சத்திரங்கள். ராணி மங்கம்மாளின் பெயர் சாலையோடும் சத்திரத்தோடும் சேர்ந்தே இன்றும் சொல்லப்படுகிறது; மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் நிற்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். வண்டியை அவிழ்த்துப் போடவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் இடம் தருவது ஆட்சியாளரின் கடமை என்று அந்தக் காலம் எண்ணியது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் இன்று நடப்பது அதுவேதான். சிற்றூர் நிர்வாகங்களே தண்ணீர், கரண்ட், கழிவு கொட்டும் இடத்தோடு வண்டி நிறுத்த இடம் ஒதுக்கி, சிறு கட்டணம் வாங்குகின்றன. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்து, அடுத்த ஆண்டு வாகமண்ணில் கேரவன் பூங்கா திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் மலை மேல் ரிசார்ட் போல ஒரு பூங்கா உல்லாசப் பயணிக்குத்தான் உதவும். நண்பரைப் பார்க்கப் போகிறவருக்குச் சாலையோரமும் ஊர் விளிம்பும்தான் தேவை.

ரயில் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். உடம்பில் தெம்புள்ள ஓரிருவர் போக ரயிலே சிறந்தது; மலிவு, புகையும் குறைவு. கேரவன் அதற்குப் போட்டி இல்லை. வழியில் நல்ல கழிப்பறை கிடைக்காது என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் காரில் வரும் பெண்களையும், மணிக்கொரு தடவை இறங்க வேண்டியிருக்கும் சர்க்கரை நோயாளியையும், சக்கர நாற்காலியில் இருப்பவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு இது வசதி மட்டுமில்லை, கௌரவமும்கூட. செலவு அதிகம் என்பதும் சரியே. வாங்குவது எல்லோராலும் ஆகாது. ஆனால் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பத்து பேர் பங்கு போட்டு டெம்போ டிராவலர் பிடிக்கும் பழக்கம் பெங்களூரில் வீட்டுக்கு வீடு உண்டு; கேரவனும் அப்படிப் பரவலாம். வீட்டு வாசல் வரை வந்துவிட்டு வண்டியில் படுத்தால் நண்பர் மனம் கோணாதா என்பது இன்னொரு கேள்வி. நம் விருந்தோம்பலின் பாரத்தைப் பெரும்பாலும் சுமப்பது அந்த வீட்டுப் பெண். தன் அறையைக் கொடுத்துவிட்டு ஹாலில் படுப்பவளும், போர்வை துவைப்பவளும் அவள்தான். சாப்பாடும் பேச்சும் வீட்டில், தூக்கம் வண்டியில் என்றானால் விருந்தாளி இன்னும் இரண்டு நாள் கூசாமல் இருக்கலாம்.

கனமான ஆட்சேபம் ஒன்றும் உண்டு. 2016 செப்டம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டி பெங்களூரில் தமிழ்நாட்டு எண் வண்டிகள் எரிந்தன. ஒரே பணிமனையில் முப்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் சாம்பலாயின. வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு வருகிறவர் அதை மறந்துவிட முடியாது. அப்படிப்பட்ட நாட்கள் அரிது என்பதோடு, சாலையோரத்தில் தனியாக நிற்பதைவிடப் போலீசாருக்குத் தெரிந்த, வேலி போட்ட இடத்தில் நிற்பதே பாதுகாப்பு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்று மீட்டர் உயர வண்டி கோரமங்களா சந்துக்குள்ளோ மயிலாப்பூர் மாடவீதிக்கோ நுழைய முடியாது, நுழையவும் கூடாது. அதற்கு வழி ஏற்கெனவே கண்ணெதிரே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் பாதை, ஓசூர் சாலையிலுள்ள பொம்மசந்திராவிலிருந்து ஜெயநகரை ஒட்டிய ஆர்.வி. ரோடு வரை ஓடுகிறது. பொம்மசந்திரா பக்கத்தில் பத்து கேரவன் நிற்க ஓர் இடம் கிடைத்தால், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் வண்டியை அங்கே விட்டுவிட்டு நண்பர் வீட்டுக்கு மெட்ரோவில் போய்விடுவார். ஹொஸ்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என மூன்று மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் விரைவுச்சாலையில் ஓய்விடங்கள் அமையும்போதே இதற்கும் இடம் ஒதுக்கிவிட வேண்டும். பிறகு இடித்துக் கட்டுவது நடக்காது. அதற்கு முன்பே செய்யக்கூடியதும் உண்டு. ஏற்காட்டிலும் ஒகேனக்கல்லிலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு ஓட்டல்கள் இருக்கின்றன; கர்நாடகக் கழகத்துக்கு மயூரா ஓட்டல்கள். நிலம், தண்ணீர், கரண்ட், காவலாளி எல்லாம் அங்கே உண்டு. வளாகத்தின் ஒரு மூலையில் பிளக், குழாய், செப்டிக் டேங்குக்கு ஒரு வாய், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ள ஒரு பதிவேடு. இந்த அளவு வசதிக்கு இரண்டு கழகங்களும் பேசி ஒரே கட்டணம் வைத்தால், அடுத்த கோடை விடுமுறைக்கே கேரவன்கள் வந்து நிற்கத் தொடங்கலாம்.