தீராத நீர்க்கடுப்பா? டி.பி.யாகவும் இருக்கலாம்!

தேனி-

"சூடு பிடிச்சிருக்கு. இளநி குடி, தொப்புள்ல வெளக்கெண்ண வை."

கம்பம் பள்ளத்தாக்கில் நீர்க்கடுப்பு என்றதும் வீட்டில் நடக்கும் வைத்தியம் இது. விடியுமுன் ஜீப் ஏறி கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களை இந்தக் கடுப்பு படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டே பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து விடுகிறார்கள்!

பெரும்பாலும் இது சாதாரணக் கிருமியின் வேலைதான். சில நாள் மாத்திரையில் போய்விடும். மாதக்கணக்கில் இழுத்தால்?

சிறுநீரில் சீழ் நிறைய இருக்கும். வழக்கமான 'கல்ச்சர்' சோதனையிலோ கிருமி வளராது. இதுதான் முதல் துப்பு. டி.பி. கிருமி அந்தச் சோதனையில் சிக்காது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள் அதைக் கொஞ்சம் அடக்கி வைத்து, ஆளை ஏமாற்றுவதும் உண்டு.

"இருமலே இல்லையே?" என்பார்கள். நுரையீரலில் என்றோ நுழைந்த கிருமி, ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் பதுங்கி, பல வருடம் கழித்தும் தலைதூக்கும்.

முதலில், காலையில் போகும் முதல் சிறுநீரை மூன்று முதல் ஐந்து நாள் வரை தொடர்ந்து கேட்பார்கள். கிருமி தினமும் வெளியே வராது என்பதே காரணம். 'சிபிநாட்' மெஷின் 2 மணி நேரத்தில் முடிவு சொல்லும். டி.பி.க்கான தனிக் கல்ச்சருக்கு 6 முதல் 8 வாரம் ஆகலாம்.

உள்ளே என்ன தெரியும்?

சந்தேகம் தீராவிட்டால், விளக்கு பொருத்திய மெல்லிய குழாயை சிறுநீர்த் துவாரம் வழியாக விட்டுப் பார்ப்பார்கள். மரத்துப்போக ஜெல்லி தடவுவார்கள், அல்லது மயக்கம் கொடுப்பார்கள். பை சிவந்து, புண்ணாகி, சுருங்கியிருக்கலாம். சிறுநீரகக் குழாய் வந்து சேரும் வாய், கோல்ப் பந்து விழும் குழி போல 'ஆ'வென்று திறந்து கிடக்கும். எந்தப் பக்கத்து வாய் கெட்டிருக்கிறதோ, அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தின் மேல் சந்தேகம் விழும்.

புண்ணிலிருந்து துளி சதை கிள்ளி எடுப்பதுதான் பயாப்சி. பெயரைக் கேட்டதுமே "புற்றுநோயா?" என்று அலறுகிறார்கள். அது இல்லை என்று காட்டுவதும் இதே துண்டுதான்! டி.பி. என்றால் மைக்ராஸ்கோப்பில் தயிர்க்கட்டி போன்ற திட்டும், சுற்றிலும் முடிச்சு முடிச்சாக அணுக்களும் தெரியும். தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கிள்ளிய இடம் தப்பியிருக்கலாம்.

தாமதித்தால் சிறுநீர் வரும் குழாய் தழும்பாகி அடைத்து, ஒரு சிறுநீரகமே சத்தமில்லாமல் செத்துவிடும். மருந்து தொடங்கிய பிறகும் இந்த அடைப்பு வரலாம் என்பதால் ஸ்கேனுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும்.

மருந்து வழக்கமாக 6 மாதம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சத்துணவுக்கென மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். மாத்திரை போட்டதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரத்தம் என்று பயந்து நிறுத்தி விடாதீர்கள்.

தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் ஆஸ்பத்திரி மதுரை ரோட்டில் கானாவிலக்கில் இருக்கிறது. போகும்போது பழைய சோதனைச் சீட்டுகளை எடுத்துப் போங்கள். வீட்டில் யாருக்காவது முன்பு டி.பி. இருந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.