சுரண்டிய தகட்டை அன்றே மூடுங்கள்

பழைய லோரியைப் புதுப்பிக்க இறங்கும் எவரும் முதலில் கேட்பது, துருவை எதைக்கொண்டு எடுப்பது என்றுதான். ஜொகூரின் தெப்ராவ் போன்ற ஈரமான இடத்தில் அதற்கு முன்பே ஒன்றை முடிவுசெய்ய வேண்டும்: ஒரு நாளில் எவ்வளவு தகட்டைத் திறப்பது? காலையில் பளபளவென்று தேய்த்து வைத்த கதவு, மறுநாள் விடிவதற்குள் செம்மஞ்சள் பூத்துவிடும்.

இரும்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே அது வேகம் பிடிக்கும். ஜொகூரில் பெரும்பாலான நாள்களில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். இரவில் இன்னும் ஏறும். தெற்கே தெப்ராவ் நீரிணை. அங்கிருந்து வரும் உப்பு தகட்டில் படிந்தால், ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். பெயிண்ட் கொப்புளமாக எழும்புவது அதனால்தான்.

தண்ணீர் தேங்கும் இடங்களில் முதலில் தேடுங்கள். முன்கண்ணாடி ரப்பரின் அடி, கதவின் கீழ்விளிம்பு, கேபின் மூலை, ஏறும் படி, சேஸில் இரண்டு தகடு ஒட்டும் இடுக்கு. ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். தகடு தாங்கினால் சுத்தம் செய்யலாம். நுனி உள்ளே இறங்கினால், நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்வதுதான் வழி. ஓட்டையின் மேல் பட்டி பூசினால், பட்டி ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே துருவை வளர்க்கும்.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முறை உண்டு. கனத்த சேஸுக்கு சாண்ட் பிளாஸ்டிங் பொருந்தும். அதே வேகத்தில் கதவு, கூரை போன்ற மெல்லிய தகடுகளில் அடித்தால் நெளிந்துவிடும். அவற்றுக்குக் கம்பி பிரஷும் மணல்தாளும் போதும். கீல், போல்ட் போன்ற சின்னச் சாமான்களை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கலாம். புளி போட்டுப் பித்தளை விளக்கு துலக்குகிறோமே, அங்கும் வேலை செய்வது புளிப்புத்தான். ஊறியதை நன்றாகக் கழுவி உடனே உலர்த்த வேண்டும். பிரஷ் எட்டாத குழிகளில் ஒட்டியிருக்கும் துருவைப் பாஸ்பாரிக் அமிலம் கெட்டியான பாஸ்பேட் படலமாக மாற்றும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். சாதாரண மணலைப் பீய்ச்சினால் எழும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே சரியான முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். எண்ணெய்த் தொட்டியின் அருகே தீப்பொறி பறக்கவும் விடாதீர்கள்.

இனி நேரக் கணக்கு. முழுக் கேபினையும் ஒரே மூச்சில் சுரண்டாமல், ஒரு நாளுக்கு ஒரு கதவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய பிறகு தொடங்கி, பிற்பகல் மழைக்கு முன் முடியுங்கள். சுரண்டிய தகட்டைத் தின்னரால் துடைத்தபின் வெறுங்கையால் தொடக்கூடாது, வியர்வையும் உப்புத்தான். ஈரத்துணியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது சீக்கிரம் காய்ந்தால் பிரைமர் அடிக்கலாம். காயாமல் நின்றால் காற்று இன்னும் ஈரமாக இருக்கிறது, காத்திருங்கள். எபோக்சி பிரைமர் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். சாதாரணச் சாம்பல் பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். அதை மட்டும் பூசி வாரக்கணக்கில் நிறுத்தினால் அடியில் துரு ஊறும். பட்டி வைப்பதானால் எபோக்சி காய்ந்த பிறகு அதன் மேல் வையுங்கள்.

கடைசிப் பெயிண்ட் காய்ந்ததும் கதவின் உட்கூட்டுக்குள் மெழுகு பீய்ச்சுங்கள். பிறகு அடிவிளிம்பில் இருக்கும் வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். புதுப் பெயிண்டும் மெழுகும் அவற்றை அடைத்திருக்கும். மழைநீர் இறங்க வழியில்லாமல் முன்பு துரு தொடங்கியதும் அங்கேதான்.