பாரி யார் வீட்டுப் பிள்ளை?

மேல்பட்டாம்பாக்கத்தைச் சுற்றிக் கரும்பு போடுகிறவர்கள் பேச்சில் "பாரி" என்பது ஓர் ஆளாக வருவதே இல்லை. "பாரிக்குப் பதிவு பண்ணியிருக்கேன்", "பாரியில இன்னும் கட்டிங் ஆர்டர் வரல" என்பார்கள். பக்கத்து நெல்லிக்குப்பத்தில் 1840-களிலிருந்து இருக்கும் சர்க்கரை ஆலைதான் அந்தப் பாரி. அரைவைக் காலத்தில் கடலூர் - பண்ருட்டி சாலையில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் வாயில் வேறு பெயர்களும் வரும், அதை விடுவோம். இந்தப் பாரிக்கும் முல்லைக்குத் தேர் தந்த பறம்புமலைப் பாரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சென்னை பஸ்ஸில் நடத்துனர் கூவும் 'பாரிஸ்'ஸும் பிரான்ஸைச் சேர்ந்ததல்ல. ஆலையும் பஸ் நிறுத்தமும் ஒரே வெள்ளைக்காரரின் குடும்பப் பெயர்.

அவர் தாமஸ் பாரி. 1768-ல் பிறந்தவர், 1788-ல் சென்னையில் வியாபாரம் தொடங்கினார். நம்மூரில் 'இங்கிலீஷ்காரர்' என்று சொல்லிவிடுகிறோம். அவர் குடும்பம் இருந்ததோ இங்கிலாந்து எல்லையை ஒட்டிய வேல்ஸ் நாட்டு மான்ட்கோமரிஷயரில், வெல்ஷ்பூல் என்னும் ஊர்ப்பக்கம். பாரி என்ற பெயரின் பூர்வீகமும் அந்த நாடுதான்.

முற்கால வேல்ஸில் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் கிடையாது. நம் இனிஷியல் மாதிரி, ஒவ்வொருவர் பெயரோடும் தகப்பன் பெயர் ஒட்டியிருக்கும். 'மகன்' என்பதற்கு வெல்ஷ் மொழியில் 'ஆப்'. ஹாரியின் மகன் தாமஸ் என்றால் 'தாமஸ் ஆப் ஹாரி'. அந்தத் தாமஸுக்கு ஓவன் என்று ஒரு பிள்ளை பிறந்தால் அவன் 'ஓவன் ஆப் தாமஸ்'. தாத்தா ஹாரி கழன்றுவிடுவார். 1536-லும் 1543-லும் எட்டாம் ஹென்றி கொண்டுவந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்தன. பெயரை மாற்று என்று அவை சொல்லவில்லை. ஆனால் நீதிமன்றமும் ஆவணங்களும் ஆங்கிலத்துக்குப் போயின. எழுத்தர்களுக்குத் தலைமுறைதோறும் மாறும் பெயர் தொல்லையாக இருந்தது. நிலபுலன் உள்ளவர்கள் முதலில் இறங்கிவந்தார்கள். மலைப்பக்கத்துச் சாதாரண ஜனங்கள் பதினெட்டாம் நூற்றாண்டு வரைக்கும் பழைய வழக்கத்தை விடவில்லை. அப்படித் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக உறைந்தபோது 'ஆப் ஹாரி' நாக்கில் தேய்ந்து பாரி ஆனது. 'ஆப் ரீஸ்' பிரைஸ், 'ஆப் ஹியூ' பியூ, 'ஆப் ஓவன்' போவன்.

உறைந்த நாளில் யார் யாருக்கெல்லாம் ஹாரி என்று தகப்பன் இருந்தானோ அவர்கள் எல்லோரும் பாரி ஆனார்கள். ஹென்றியைக் கூப்பிடும் பெயர்தான் ஹாரி; எட்டு ஹென்றிகள் ஆண்ட தேசத்தில் ஹாரிகளுக்கா பஞ்சம்? ஆகவே உலகத்துப் பாரிகள் அனைவரும் பங்காளிகள் என்று சொல்ல இடமே இல்லை. முதல் எலிசபெத்தின் அந்தப்புரத்தில் செல்வாக்கோடு இருந்த பிளான்ச் பாரியும், ஆர்க்டிக் கடலில் பனியைப் பிளந்துபோன மாலுமி எட்வர்ட் பாரியும், நெல்லிக்குப்பத்தில் பேர் நிலைத்த தாமஸ் பாரியும் ஆளுக்கொரு ஹாரியின் வழிவந்தவர்களாக இருக்கலாம்.

பெயர்கள் எப்படிப் பெருகுகின்றன, எப்படி அழிகின்றன என்பதைக் கணக்காகப் போட்டவர் ஃபிரான்சிஸ் கால்டன். பிரபுக்களின் பெயர்கள் ஏன் மறைந்துபோகின்றன என்று 1873-ல் அவர் ஒரு புதிர் போட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை காண முயன்றார். நூறு பேர் நூறு வெவ்வேறு பெயர்களோடு தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்குச் சராசரியாக ஒரு மகன். சிலருக்கு மூன்று, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. பிறப்பு முழுக்கத் தற்செயல் என்றால் அடுத்த தலைமுறையிலேயே சுமார் 37 பெயர்கள் போய்விடும். பத்தாவது தலைமுறையில் மிஞ்சுவது ஏறக்குறைய 16. மக்கள்தொகை குறையவே இல்லை. பெயர்கள் மட்டும் கொட்டிப்போகின்றன. ஒரே ஒருவரிடம் தொடங்கிய பெயருக்கு ஆயுள் கெட்டியில்லை. பாரி தப்பித்ததற்கு அதை ஒரே சமயத்தில் பலர் சூடிக்கொண்டது பெரிய காரணம்.

ஒரு பெயர்க்காரர்கள் ஒரே மூதாதையின் வழியா, பலரின் வழியா என்று சோதிக்க இப்போது வழி இருக்கிறது. ஐரோப்பாவில் குடும்பப் பெயர் போகும் அதே பாதையில்தான் ஒய் குரோமோசோமும் போகிறது: அப்பனிடமிருந்து மகனுக்கு. அதில் சில இடங்களில் சின்னஞ்சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்குப் பதினான்கு முறை, இன்னொருவருக்குப் பதினைந்து முறை. இந்த எண்ணிக்கை மாறச் சில நூறு தலைமுறை ஆகும். ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் தம் பெயர் கொண்ட 48 பேரைச் சோதித்து 2000-த்தில் முடிவை வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த எண்ணிக்கைகள் ஒரே வகை. ஒரே மூதாதை இருந்திருக்கலாம் என்றார். மீதிப் பாதி? தத்து, தாய்வழிப் பெயர், வெளியே சொல்ல முடியாத கதைகள். தலைமுறைக்கு நூற்றில் ஒன்றிரண்டு நழுவினாலே எழுநூறு வருஷத்தில் இவ்வளவு சேர்ந்துவிடும். பின்னர் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 பெயர்களை வைத்து 1,678 ஆண்களைச் சோதித்தார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் ஒரே வகை. ஸ்மித்களோ தெருவில் போகிறவர்களைப் போலத்தான்.

நம் ஊர்ப் பாரி இந்தக் குரோமோசோம் கணக்குக்கே அடங்கமாட்டார். 1824-ல் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு இறந்த தாமஸ் பாரியைக் கடலூரில் புதைத்தார்கள். கம்பெனி கூட்டாளி டேர் கைக்குப் போனது, பெயர் மாறவில்லை. 1940-ல் சென்னையில் எழுந்த தலைமையகத்துக்கு 'டேர் ஹவுஸ்' என்றே பெயரிட்டார்கள். இருந்தும் அது நிற்கும் இடம் இன்றும் பாரிமுனைதான். 1981-ல் கம்பெனி செட்டிநாட்டு முருகப்பா குடும்பத்திடம் வந்தது. ஆலை பாரி ஆலையாகவே இருந்தது. 1914-ல் தொடங்கிய பாரி மிட்டாய்க் கம்பெனியை 2004-ல் கொரியாவின் லோட்டே வாங்கியது. வேல்ஸுக்காரர், செட்டிநாட்டார், கொரியர் என்று கைமாறிய இந்தப் பாதையில் ரத்தத்துக்கு வேலையே இல்லை.

மேல்பட்டாம்பாக்கத்துக்கு 1860-களில் மிஷன் வேலைக்கு வந்த டேனிஷ்காரர்கள் நாட்டிலும் இதே கதை நடந்திருந்தது. ஹான்ஸின் மகன் ஹான்சென், நீல்ஸின் மகன் நீல்சென் என்று தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்ததை 1828-ல் அரசாணை போட்டு நிறுத்தப் பார்த்தார்கள். டென்மார்க்கில் இன்றும் தடுக்கி விழுந்தால் ஒரு 'சென்' மேல்தான் விழவேண்டும்.

இப்போது நம் முறை. பாஸ்போர்ட்டிலும் வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்திலும் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். கனடாவிலோ ஜெர்மனியிலோ பிறக்கும் பேரப்பிள்ளைக்கு, அப்பா பெயர் வரவேண்டிய இடத்தில் தாத்தா பெயரே நின்றுவிடுகிறது. சம்பந்தமே இல்லாத நூறு சிவலிங்கங்களின் பிள்ளைகள் டொரன்டோவில் 'சிவலிங்கம்' குடும்பத்தார் ஆகிறார்கள். பத்துத் தலைமுறை கழித்து யாராவது அவர்கள் எச்சிலை வாங்கி ஒய் குரோமோசோமைப் பார்த்தால், அட்டன்பரோவுக்குக் கிடைத்த முடிவு கிடைக்காது; ஸ்மித்துக்குக் கிடைத்ததுதான் கிடைக்கும்.