நீரிறைக்கும் இயந்திரத்திற்கு எரிபொருள் தடையின்றிச் செல்லல்

மிளகாய், வெங்காயம் முதலியவற்றிற்கு நீர் பாய்ச்சுங்கால் இயந்திரம் அடிக்கடி நின்றுவிடின் பயிர் வாடும். எரிபொருட் தாங்கி மேலே அமைந்த சிறிய பெற்றோல் இயந்திரங்களில், எரிபொருள் வருவதில் ஏற்படும் தடையே பலவேளைகளில் இதற்குக் காரணமாகும். ஆகவே, கமக்காரர் இயந்திரத்தைப் பிரிக்குமுன் பின்வருமாறு சோதித்தல் வேண்டும்.

1. இயந்திரம் ஆறியபின், தாங்கியின் திருகுபிடியை அடைத்து, காபுரேற்றரில் இணைந்த குழாயைக் கழற்றி, அதன் முனையை ஒரு போத்தலினுள் வைத்துத் திருகுபிடியைத் திறக்கவும். எரிபொருள் அறாது ஒழுகுதல் வேண்டும்.

2. சிறிது ஒழுகி நின்றால் தாங்கியின் மூடியைத் தளர்த்துக. மீண்டும் ஒழுகுமாயின், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டுள்ளது, அதனைத் துப்புரவாக்குக.

3. அப்பொழுதும் ஒழுகாவிடின் வடியையும் குழாயையும் துப்புரவாக்குக. வெடித்த குழாயை நீக்கி, எரிபொருளுக்கெனச் செய்யப்பட்ட குழாயையே பொருத்துக. அது சூடான புகைக்குழாயில் முட்டாதும், வளைவில் நெரியாதும் இருத்தல் வேண்டும். இரு முனைகளையும் கவ்விகளால் இறுக்குக.

4. நீர் பெற்றோலிலும் பாரமானது. போத்தலின் அடியில் நீர் பிரிந்து நின்றால், தாங்கியை முற்றாக வடித்துத் துடைத்துப் புதிய எரிபொருள் நிரப்புக.

பெற்றோல் ஆவி எளிதில் தீப்பற்றும். இவ்வேலையைக் கிணற்றிற்கு அப்பால், காற்றோட்டமான இடத்திற் செய்க. அருகில் விளக்கோ சுருட்டோ இருத்தலாகாது.

நடுகைக்கு முன்னரே இவ்வாறு சோதித்துக்கொள்ளும் கமக்காரர், பயிருக்கு நீர் வேண்டிய வேளையில் அல்லலுறார்.