விளக்கொளியின் பொருள் என்ன?

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி செல்லும் ஏ-9 வீதியில் எதிரே வரும் சாரதி முன்விளக்கை மின்னச் செய்தால், "நான் வருகிறேன், பொறுங்கள்" என்பதே பெரும்பாலும் பொருள். இலண்டனில் வாகனம் ஓட்டிப் பழகி, விடுமுறைக்கு வந்திருக்கும் உறவினரோ அதனை "நீங்கள் முதலில் செல்லுங்கள்" என்று கொள்வார். அங்குள்ள வழக்கம் அது. இருவரும் ஒருசேர முன்னேறினால் உயிரே போகலாம். ஹோர்ன் ஒலியும் அவ்வாறே: அடிப்பவருக்கு எச்சரிக்கை, கேட்பவருக்கு அவமதிப்பு.

தெளிவற்ற எக்காள ஒலியால் பயனில்லை என்பதைப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் உணர்த்துகிறார். நம் இல்லங்களிலும் மௌனமும் உரத்த குரலும் இவ்வாறே பிழையாகப் பொருள்கொள்ளப்படுகின்றன.

அன்பர்களே, வீதியில் ஐயம் எழுந்தால் வேகத்தைக் குறைப்போம்; வீட்டில் ஐயம் எழுந்தால், சினங்கொள்ளுமுன் கேட்டறிவோம்.